கால் குழியும் அரை அடுக்கும்

என் நாட்குறிப்பில் ஒரு தவறான விதி, சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, நான்கு ஆண்டுகள் இருந்தது. "அடுக்கில் பின்னம் வந்தால் அது பங்கு" என்பது அந்த விதி. ஓர் எண்ணின் வலது தோளுக்கு மேல் சிறியதாக எழுதும் எண்ணைத்தான் அடுக்கு என்கிறார்கள். ஐந்தின் மேல் இரண்டு எழுதினால் ஐந்தை ஐந்தால் பெருக்க வேண்டும். மூன்று எழுதினால் மூன்று ஐந்துகளை வரிசையாக வைத்துப் பெருக்க வேண்டும். இதுவரை எனக்குச் சிக்கல் இல்லை. அந்த இடத்தில் அரை என்றோ மூன்றில் ஒன்று என்றோ எழுதியிருந்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் நான் மேற்படி விதியை எழுதி வைத்திருந்தேன். உதாரணமும் கொடுத்திருந்தேன்: நான்கின் அடுக்கு அரை, விடை இரண்டு. நான்கில் பாதி இரண்டுதானே. வழிகாட்டிப் புத்தகத்தின் பின்பக்கத்திலும் இரண்டு என்றே இருந்தது. ஒத்துப் பார்த்து, சரி என்று குறி போட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

அந்த ஓர் உதாரணத்தை நம்பி இரண்டு முறை பதவி உயர்வுத் தேர்வு எழுதினேன். இரண்டு முறையும் கணக்குத் தாளில் தவறினேன். முதல் முறை நான்கு மதிப்பெண் குறைவு. இரண்டாம் முறை மூன்று. அடுக்குக் கணக்குகள் இரண்டு தாள்களிலும் ஆறு மதிப்பெண்ணுக்கு வந்திருந்தன. இதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

நில அளவை வேலையில் நான் செயின்மேன். சங்கிலி போட்டு அளந்த காலம் போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம். இப்போது சர்வேயர் மூன்று கால் தாங்கியில் மிஷினை நிறுத்தி, அதன் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். வயலின் ஒவ்வொரு மூலைக்கல்லிலும் ஆள் உயரக் கோல் ஒன்றை நான் நிறுத்திப் பிடிக்க வேண்டும். கோலின் உச்சியில் ஒரு கண்ணாடி இருக்கும். இடுப்பளவில் சின்ன வட்டத்துக்குள் ஒரு நீர்க்குமிழி இருக்கும். குமிழி நடுவில் நின்றால் கோல் நேராக நிற்கிறது என்று பொருள். "ஓகே" என்று எதிரிலிருந்து குரல் வரும்வரை அசையக் கூடாது. இருபத்திரண்டு ஆண்டுகள் பாகூர், நெட்டப்பாக்கம் பக்கத்து வயல்களில் இதைச் செய்தேன். இத்தனை காலத்தில் ஒன்பது சர்வேயர்கள் வந்து போனார்கள். யாரும் ஒருமுறைகூடக் கோல் சாய்ந்ததாகச் சொன்னதில்லை.

மூன்று முறைதான் தேர்வு எழுதலாம். தேறினால் சர்வேயர். மூன்றாவதிலும் தவறினால், ஓய்வு பெறும்வரை கோல்தான். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது.

வீட்டில் நான் தனியாக இருந்தேன். எங்கள் ஒரே மகளுக்கு ஓசூரில் வேலை. பிள்ளை பிறந்தபோது மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று என் மனைவி போனாள். மகளுக்கு ஷிப்ட் மாறி மாறி வந்தது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. மூன்று மாதம் ஆறானது, பிறகு மாதக் கணக்கை யாரும் பேசவில்லை. அவள் போன பிறகு மட்டும் நாட்குறிப்பில் ஒன்றரைப் புத்தகம் எழுதியிருந்தேன். சண்டை எதுவும் இல்லை. தினமும் மாலை ஏழு மணிக்குப் பேசுவோம். நான்கு நிமிடம், சில நாள் ஆறு நிமிடம்.

மூன்றாம் தேர்வுக்கு விண்ணப்பம் போட்ட அன்று அவளிடம் சொன்னேன்.

"இத்தோட கடைசிதானே?" என்று கேட்டாள்.

"ஆமா."

"இதுவும் போச்சின்னா வேலைய எழுதிக் குடுத்துட்டு இங்க வந்துடுங்க. இன்னும் எத்தினி நாளைக்கு வெயில்ல கொம்பு புடிச்சிக்கினு நிப்பீங்க? வூட்ட வாடகைக்கு வுட்டுடலாம்."

"பாஸாயிட்டா?"

"ஆயிட்டா அப்பால பாக்கலாம்." பின்னாலிருந்து பிள்ளை அழும் சத்தம் கேட்டது. "தோ, எழுந்துட்டான். வைக்கிறேங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். அன்றைய பக்கத்தில், "தவறினால் ஓசூர். ஒப்புக்கொண்டேன்" என்று எழுதினேன். ஓசூருக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். நாலாவது மாடி. சன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சன்னல். அங்கே நான் மூன்று நாள் இருந்தேன், செய்வதற்கு எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. பிள்ளை என்னிடம் வரவில்லை. காய்கறி வாங்கி வரச் சொன்னார்கள், வாங்கி வந்தேன். மற்ற நேரம் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவுதான், வேறு குறை சொல்ல முடியாது.

வாரநாட்களில் வேலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், படிப்புக்கு நடுவே, அன்று காலையிலிருந்து வாய்விட்டுப் பேசிய சொற்களை எண்ணிப் பார்த்தேன். டீக்கடையில் "ஒரு டீ, சக்கரை கம்மி." மெஸ்ஸில் "சாப்பாடு பார்சல். ரசம் வேணாம்." பால்காரரிடம் "நாளைக்கு அரை லிட்டர்." எல்லாம் சேர்த்துப் பதினொன்று. அடுத்த ஞாயிறும் எண்ண வேண்டும் என்று நினைத்தேன், எண்ணவில்லை.

அப்போது எங்களுக்கு வந்திருந்த சர்வேயர் இருபத்தேழு வயதுப் பெண். நெட்டப்பாக்கத்துக்காரர், ஸ்கூட்டரில் வருவார். நான் மேடம் என்பேன், அவர் அண்ணே என்பார். ஒருநாள் அலுவலகத்தில் மேஜை மேல் நான் திறந்து வைத்திருந்த கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, இது யாரு போட்டது? அறுபத்திநாலுக்கு மேல அரை, முப்பத்திரண்டா?"

"நான்தான் மேடம்."

"இன்னாண்ணே இது! எட்டுண்ணே. அரைன்னா ஸ்கொயர் ரூட்டு." அடுத்த வரியைப் படித்தார். "இருபத்தேழு மேல மூணுல ஒண்ணு, ஒம்பது. ஐயோ, இதுவும் தப்பு. மூணு. எல்லாத்தையும் பாகப் பிரிவினை பண்ணி வெச்சிருக்கீங்க." சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை, ஆனாலும் எனக்குக் காது சுட்டது.

"ஏன் மேடம் ரூட்டு? அரைன்னா பாதிதானே?"

"அது அப்படித்தாண்ணே. பின்னத்துல கீழ இருக்கறது ரூட்டு, மேல இருக்கறது பவர். கேக்காதீங்க, மனப்பாடம் பண்ணிக்கங்க. எக்ஸாமுக்கு அது போதும்."

அன்று மாலை நாட்குறிப்பைத் திறந்து, சிவப்பு விதியின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தேன். நான் பக்கத்தைக் கிழிப்பதோ வெள்ளை பூசுவதோ கிடையாது. அடித்தது தெரிய வேண்டும், அடிக்கப்பட்டதும் தெரிய வேண்டும். பக்கத்தில் அவர் சொன்ன விதியை எழுதினேன். ஆனால் என் மனம் அதில் உட்காரவில்லை. என் தவறான விதிக்கு ஒரு காரணம் இருந்தது. அரை என்றால் பாதி என்பது, நான் தினமும் பாகம் பிரிக்கிற வயலில் கண்ட உண்மை. இந்தச் சரியான விதிக்கோ ஒரு காரணமும் இல்லை. அரை எப்படி வர்க்கமூலமாகும்? ஒரு சதுரத்தின் பரப்புத் தெரிந்தால் அதன் பக்கத்தைக் கண்டுபிடிப்பதுதான் வர்க்கமூலம். அறுபத்துநாலு சதுர அடி இடத்துக்குப் பக்கம் எட்டு அடி. அதற்கும் அரைக்கும் என்ன உறவு? மூன்று வாரம் மனப்பாடம் செய்தேன். பயிற்சிக் கணக்குப் போடும்போது கை தானாகப் பாதிக்குப் போய்விடும். இருபதில் ஏழு தவறு, பிறகு இருபதில் ஆறு. தேர்வுக்கு ஒன்பது வாரம் இருந்தது.

பாகூர் ஏரிக்கு மேற்கே ஒரு ஊரில், நாலு பேர் சேர்ந்து போட்ட ஆழ்குழாய்க் கிணற்றுக்கு மோட்டார் கொட்டகை கட்ட இடம் அளக்கப் போனோம். வயலுக்குச் சொந்தக்காரர் கால் குழி இடம் தருவதாக எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் பக்கத்தில் இன்னும் குழிக் கணக்குதான். நூறு குழி ஒரு காணி. ஒரு குழி என்பது இருபத்துநாலு அடி நீளம், இருபத்துநாலு அடி அகலம், மொத்தம் ஐந்நூற்று எழுபத்தாறு சதுர அடி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. சொந்தக்காரர் காலடியால் அளந்து நாலு ஆப்பு அடித்து வைத்திருந்தார். கிணற்றில் பங்குள்ள பக்கத்து வயல்காரர் அந்த ஆப்புகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டிருந்தார்.

"ஆறு அடிக்கு ஆறு அடி. கால் குழி. எழுதிக் குடுத்தது குடுத்ததுதான்," என்றார் சொந்தக்காரர்.

"யோவ், இதுக்குள்ள மோட்டார வெச்சா ஆளு எங்கய்யா நிக்கிறது? மோட்டார் மேல குந்திக்கினு சுச்சி போடறதா?"

"ஒரு குழி எத்தினி? இருவத்திநாலு. அதுல கால் எத்தினி? ஆறு. நான் இன்னா ஏமாத்தறனா?"

"நீ ஏமாத்தலப்பா. உன் கணக்குதான் ஊர ஏமாத்துது."

"அப்ப நீயே சொல்லு, எத்தினின்னு."

பக்கத்து வயல்காரர் ஓர் ஆப்பைக் காலால் தட்டிப் பார்த்தார். "எத்தினியோ. இது இல்ல. இதுல என் ஆடு படுக்காது."

மேடத்துக்கு அந்த நேரம் பார்த்து அலுவலகத்திலிருந்து போன். காதில் போனை வைத்தபடியே, "அண்ணே, நீங்க சொல்லுங்க அவுங்களுக்கு," என்று கையைக் காட்டினார்.

கோல் முனையால் மண்ணில் ஒரு சதுரம் கீறினேன். "குழின்றது நீளம் இல்லீங்க. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினது. நீங்க நீளத்துலயும் கால் எடுத்துட்டீங்க, அகலத்துலயும் கால் எடுத்துட்டீங்க. காலுக்குக் கால் எத்தினி?"

சொந்தக்காரர் பழைய வாய்ப்பாடு தெரிந்தவர். யோசிக்காமல், "வீசம்," என்றார். சொன்ன பிறகுதான் முகம் மாறியது. வீசம் என்றால் பதினாறில் ஒன்று.

"வீசம் குழிதான் இப்ப ஆப்பு அடிச்சி வெச்சிருக்கீங்க. எழுதிக் குடுத்தது கால் குழி."

"அப்ப கால் குழிக்கு பக்கம் எத்தினி?"

"பன்னண்டுக்குப் பன்னண்டு. நீளத்துல பாதி, அகலத்துல பாதி. அரைக்கு அரை கால்."

"பாத்தியா," என்றார் பக்கத்து வயல்காரர். "அரைக்கு அரை கால். இத நான் சொன்னா கேப்பியா நீ?"

"நீ எங்கடா சொன்ன? ஆடு படுக்காதுன்னு சொன்ன."

அவர்கள் சிரித்தபடி ஆப்பைப் பிடுங்கப் போனார்கள். நான் அதே இடத்தில் கோலைப் பிடித்தபடி நின்றேன். நான் சொன்னது எனக்கே திரும்பக் கேட்டது. கால் பரப்புக்குப் பக்கம் அரை. அப்படியானால் காலின் வர்க்கமூலம் அரை. நோட்டில் எழுதும் பாஷையில் சொன்னால், காலின் தலைமேல் அரை அடுக்கு போட்டால் விடை அரை. என் பழைய விதிப்படி போனால் காலில் பாதி, அரைக்கால், எட்டில் ஒன்று வந்திருக்கும். அந்தக் கணக்கில் கொட்டகை கட்டினால் அதுவும் இன்னொரு ஆறடி ஆப்பு மாதிரிதான். நான்கு ஆண்டுகளாக நோட்டில் நான் செய்த தவறை ஒரு விவசாயி வயலில் செய்திருந்தார். வயலில் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

மதியம் ஒரு மணிக்கு மேடம் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். நான் ஏரிக்கரையில் ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்து, பார்சலைப் பிரிக்காமல், நோட்டை எடுத்தேன். 1.05-க்கு ஆரம்பித்தேன் என்று ஓரத்தில் இருக்கிறது.

ஐந்நூற்று எழுபத்தாறை இருபத்துநாலு தரம் இருபத்துநாலு என்று எழுதினேன். இரண்டு இருபத்துநாலுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அடுக்கு என்பது எத்தனை பேர் நிற்கிறார்கள் என்ற கணக்கு. இங்கே இரண்டு பேர். இரண்டில் அரை ஒன்று. ஒரே ஓர் இருபத்துநாலு. பங்கு சரிதான். பாதி என்பதும் சரிதான். நான் பாதியாக்கியது நிலத்தை. பாதியாக்க வேண்டியது பெருக்கலை. இருபத்தேழு என்பது மூன்று தரம் மூன்று தரம் மூன்று. மூன்று பேர் நிற்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு, ஒருவர். விடை மூன்று. அடுத்து, மேடம் சொன்ன மேலும் கீழும். எட்டின் தலைமேல் மூன்றில் இரண்டு. எட்டு என்பது மூன்று இரண்டுகள் பெருகி நிற்பது. மூன்று பேரில் இரண்டு பேரைக் கூப்பிட்டால், இரண்டு தரம் இரண்டு, நான்கு. கீழே இருப்பது எத்தனை சமமானவர்களாகப் பிரிப்பது என்பதையும், மேலே இருப்பது அவர்களில் எத்தனை பேரை எடுப்பது என்பதையும் சொல்கின்றன. விடைகளைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் சரி.

பிறகு அந்த நான்கு. நான்கு என்பது இரண்டு தரம் இரண்டு. ஒருவரை எடுத்தால் இரண்டு. பாதியும் இரண்டு. வேறு எந்த எண்ணுக்காவது இப்படி இரண்டும் ஒன்றாக வருமா என்று ஒன்றிலிருந்து நூறு வரை பார்த்தேன். வரவில்லை. பூஜ்யத்தை விட்டால் நான்கு ஒன்றுதான். வழிகாட்டி எழுதியவர் எத்தனையோ எண் இருக்க அதைப் போய் உதாரணமாக எடுத்திருக்கிறார். நானும் வேறு எண்ணைப் போட்டுப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். மூலைக்கல்லை ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்க்கிறவன் நான்.

இரண்டில் கொஞ்சம் தடுமாறினேன். இரண்டின் தலைமேல் அரை என்றால், தனியாக நிற்கும் ஓர் இரண்டைச் சமமான இரண்டு பேராக்கிப் பெருக்க வேண்டும். முழு எண்ணில் அப்படி யாரும் இல்லை. ஒன்றரை போட்டால் இரண்டேகால் வந்து மிஞ்சுகிறது. ஒன்று புள்ளி நாலு போட்டால் சற்றுக் குறைகிறது. ஒன்று புள்ளி நாலு ஒன்று, நாலு ஒன்று நாலு என்று போய்க்கொண்டே இருந்தது. அப்போது ஒரு குழியின் மூலைக்கு மூலை அளவு ஞாபகம் வந்தது. சதுரம் கோணாமல் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் டேப்பை மூலைக்கு மூலை போட்டுப் பார்ப்போம். ஒரு குழிக்கு முப்பத்துமூன்று புள்ளி ஒன்பது நாலு அடி வரும். இருபத்துநாலால் வகுத்துப் பார்த்தேன். ஒன்று புள்ளி நாலு ஒன்று நாலு. இந்த எண் அடங்கிய அளவைத்தான் இருபத்திரண்டு ஆண்டுகளாக டேப்பைப் பார்த்து நான் வாயால் கூவி வந்திருக்கிறேன்.

மணி 1.50. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஏரியில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. கரையில் என்னைத் தவிர ஆள் இல்லை. ஏழு மணிக்குத்தான் பேசுவது வழக்கம், ஆனாலும் ஓசூருக்கு போன் போட்டேன்.

"இன்னாங்க இந்நேரத்துல? ஒடம்புக்கு இன்னா?" என்று பதறினாள்.

"ஒண்ணுமில்ல. அந்தக் கணக்கு புரிஞ்சிடுச்சி."

"எந்தக் கணக்கு?"

"அரை அடுக்கு. அது நிலத்த பாதி ஆக்கறது இல்ல. இப்ப ஒரு குழி எடுத்துக்க..."

"ஏங்க, கொழந்தயக் குளிப்பாட்டிக்கினு கீறேன், சோப்பு கண்ணுல போயிடும். சாயந்திரம் சொல்லுங்க."

"சரி."

"சாப்ட்டீங்களா?"

"சாப்பிடறேன்."

மாலை ஏழு மணிக்கு அவள் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிள்ளைக்குப் பல் முளைப்பதைப் பற்றிப் பேசினோம். ஐந்து நிமிடம்.

மறுநாள் மேடத்திடம் நோட்டைக் காட்டி விளக்கினேன். பெருக்கலைப் பங்கு போடுவது, மூன்று பேரில் இரண்டு பேர், எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். "கரெக்டுண்ணே. அதான் அன்னிக்கே சொன்னேனே, கீழ இருக்கறது ரூட்டு, மேல இருக்கறது பவர்," என்றார். ஆமாம் என்றேன்.

அடுத்த எட்டு வாரத்தில் இருபதுக்கு இருபது எடுக்கும்வரை போட்டேன். தேர்வன்று பாகூரிலிருந்து முதல் பஸ். தவளக்குப்பம் சந்திப்பில் இருபது நிமிடம் நின்றுவிட்டது. இரண்டு முறை இறங்கிப் பார்த்துவிட்டு ஏறினேன். மையத்தில் என் வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர்கள். ஒருவர் என்னைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து, "சார், ரூம் நம்பர் ஏழு எது?" என்று கேட்டார். காட்டிவிட்டு, நானும் அதே அறைக்குப் போய் உட்கார்ந்தேன். தாளில் நூற்று இருபத்தைந்தின் தலைமேல் மூன்றில் இரண்டு வந்திருந்தது. மூன்று ஐந்துகளை எழுதி, இரண்டை வட்டமிட்டு, இருபத்தைந்து என்று விடை எழுதினேன். வட்டம் தேவையில்லைதான். போட்டேன்.

முடிவு ஏழு வாரம் கழித்து வந்தது. தேர்ச்சி மதிப்பெண் நாற்பது. எனக்கு நாற்பத்துமூன்று. பட்டியலில் என் எண்ணை விரலால் தொட்டு மூன்று முறை பார்த்தேன். மாலை ஏழு மணிவரை காத்திருந்து போன் போட்டேன்.

"பாஸ்."

குக்கர் விசில் அடித்தது. அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள்.

"நல்லதுங்க," என்றாள். "ஆசப்பட்டீங்க, கெடச்சிது."

"ம்."

"அப்ப வரலை."

"நீ ஒரு மாசம் வந்துட்டுப் போயேன். சேர்ல உக்காரப் போறேன். வந்து பாரு."

"வரணும்தான். இவன யாரு பாத்துக்குவா சொல்லுங்க." பிறகு, "நான் உங்க சட்டையெல்லாம் வெக்கறதுக்கு பீரோல ஒரு தட்டு ஒழிச்சி வெச்சிருந்தேன்," என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற குரல்தான்.

என்ன பதில் சொன்னேன் என்று அன்றைய பக்கத்தில் இல்லை. பேசிய நேரம் மட்டும் இருக்கிறது. மூன்று நிமிடம்.

ஆணை வந்தது. எனக்கு அதே இடம், மேடத்துக்கு வில்லியனூர் பக்கம் மாற்றல். கடைசி நாளன்று அவர் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டார். "என் சேரப் புடிச்சிட்டீங்களேண்ணே. உக்காருங்க. எடது கை ஆடும், பாத்து," என்று சொல்லி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். என் பழைய இடத்துக்கு யார் வருகிறார்கள் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். "ஆளு போடல. போடற வரைக்கும் நீங்களே பாத்துக்கங்க. உங்களுக்குத் தெரியாத வேலையா?" என்றார்.

முதல் அளவைக்கு நான் தனியாகப் போனேன். நெட்டப்பாக்கம் பக்கம், அறுவடை முடிந்த வயல். சொந்தக்காரர் போனில், "கடலூர்ல மாட்டிக்கினேன் சார், கல்லு நாலும் தெரியிற மாதிரிதான் கீது, நீங்களே அளந்துடுங்க," என்றார். மிஷினை நிறுத்தி மட்டம் பார்த்தேன். 9.40. வயலில் ஒரு பெண் ஆறு ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும்.

"யம்மா, இந்தக் கோல ஒரு பத்து நிமிஷம் புடிச்சிக்கினு நிப்பியா?"

"இன்னா சார் இது, மைக்கா?"

"இல்ல. கண்ணாடி. ஆடாம புடிக்கணும், அவ்ளோதான்."

"நான் ஆடாம புடிக்கிறேன். என் ஆட்ட யாரு புடிப்பா?"

என்றாலும் வந்தார். முதல் கல்லில் நிறுத்தி, குமிழியைக் காட்டிக் கொடுத்துவிட்டு மிஷினுக்கு நடந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது அவர் முகம் பக்கத்தில் தெரிந்தது. குமிழியைப் பார்க்காமல் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் எடது பக்கம் சாய்!" என்று கத்தினேன்.

"உனக்கு எடதா, எனக்கு எடதா?"

"உனக்கு!"

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா!"

முதல் கல் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதில் அவர் கோலை ஊன்றிய நேரம், இரண்டு ஆடுகள் பக்கத்து உளுந்துக் காட்டுக்குள் நுழைந்துவிட்டன. "ஐயய்யோ, அந்தாளு வந்தா என்னைக் கொன்னுடுவான்! தோ வந்துடறேன் சார்!" என்று கோலைப் போட்டுவிட்டு ஓடினார். ஆடுகளை விரட்டிக்கொண்டு வாய்க்கால் தாண்டிப் போவது தெரிந்தது. பதினைந்து நிமிடம் பார்த்தேன். திரும்பவில்லை.

நான் போய்க் கோலை எடுத்து மண்ணைத் துடைத்தேன். மூன்றாவது கல்லில் ஊன்றி, இடுப்போடு சேர்த்துப் பிடித்தேன். குமிழி உடனே நடுவுக்கு வந்து நின்றது. எப்போதும் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தேன். எண்பது மீட்டர் தள்ளி மூன்று காலில் மிஷின் என்னைப் பார்த்தபடி நின்றிருந்தது. அதன் பின்னால் வெறும் வயல். "ஓகே" சொல்ல வேண்டியவனும் நான்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றேன்.